நாற்றுப்பண்ணைக்காரியின் மடக்குக் கத்தி

எங்கள் செம்பனை நாற்றுப்பண்ணையில் கத்தி இல்லாமல் அரை மணி நேரம்கூட ஓடாது. உரமூட்டையின் வாயைப் பிரிக்க வேண்டும், ராஃபியா கயிறு அறுக்க வேண்டும், நிழல் வலையைக் கட்டிய கேபிள் டையை வெட்ட வேண்டும், நாற்றுப் பையைக் கீற வேண்டும், பசியாற உட்காரும்போது யாராவது கொண்டுவந்த பப்பாளியை நறுக்க வேண்டும். இதற்கெல்லாம் பாராங் என்ற பெரிய வெட்டுக்கத்தியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால் பல வருடமாக என் இடுப்புப் பையில் ஒரு சின்ன மடக்குக் கத்தி இருக்கிறது. எப்படிப் பார்த்து வாங்குவது என்று மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ரெங்கத்தில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அவ்வப்போது வாயால் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

இணையத்தில் கத்தி பற்றிக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் சொல்வது. அவர்கள் ஊர்க் காற்று வேறு, சட்டம் வேறு, கை செய்யும் வேலை வேறு. இங்கே ஜொகூரில் பருவமழை தொடங்கிவிட்டால் காலையில் துவைத்துப் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரத்தில்தான் நம் கத்தியும் கிடக்கப் போகிறது. எனவே எஃகின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நம் கை என்ன செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பதே நல்லது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு வாரம் தாங்கள் எதையெல்லாம் வெட்டுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். ஓலை வெட்டவும் புதர் சாய்க்கவும் பாராங் இருக்கிறது. குலை அறுப்பவர்களிடம் நீளக் கம்பில் மாட்டிய அரிவாள் இருக்கிறது. டுரியான் பிளக்க வீட்டில் தடித்த கத்தி இருக்கிறது. பைக்குள் இருக்கும் கத்தியிடம் கடைசியில் வந்து சேர்வது கயிறு, பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி, பழம், வயரின் மேல்தோல், குழாயில் சுற்றிய டேப் இவைதான். இவற்றில் எதற்கும் எனக்கு 7 சென்டிமீட்டருக்கு மேல் அலகு தேவைப்பட்டதில்லை.

நாற்று வேலையில் நீளம் கூடினால் கெடுதலும் உண்டு. முளைவிட்ட விதையை முதலில் சின்னப் பையில் ஊன்றி மூன்று மாதம்போல் நிழலில் வைப்போம். அப்புறம் பெரிய கறுப்புப் பைக்கு மாற்றுவோம். விதை ஊன்றி ஏறக்குறைய ஒரு வருடம் ஆனதும் நாற்று தோட்டத்துக்குப் போகும். குழியருகே அந்தப் பையைக் கீறி உருவும்போது மண்கட்டி உடையக் கூடாது, வேரும் அறுபடக் கூடாது. பிளாஸ்டிக்கை அறுக்க இரண்டு மில்லிமீட்டர் ஆழம் போதும். நான் அலகின் முதுகில் ஆள்காட்டி விரலை நீட்டி வைத்து, கட்டைவிரலும் நடுவிரலும் அலகின் இரண்டு பக்கத்தையும் பிடிக்க, நகம் அளவு முனை மட்டும் வெளியே தெரியும்படி பிடிப்பேன். ஆறேழு சென்டிமீட்டர் அலகில் இந்தப் பிடி சரியாக அமையும். பத்து சென்டிமீட்டர் அலகில் கைப்பிடி பின்னால் தொங்கி மணிக்கட்டைத் திருப்பிவிடும்.

இந்தப் பிடி அம்மாவைப் பார்த்து வந்தது. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால் வெட்டும் கத்திக்கும் மடக்குக் கத்திக்கும் உருவத்தில் சம்பந்தமே கிடையாது, ஆனால் கத்தியைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தக் கத்தியிடமிருந்துதான். ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவ வேண்டும். பால் ஓடும் குழாய்கள் அடர்ந்திருப்பது பட்டையின் உட்புறத்தில், மரம் வளரும் படலத்துக்கு மிக அருகில். அந்தப் படலத்தில் கத்தி பட்டுவிட்டால் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. மரத்தைக் கண்டபடி கொத்திப் பால் எடுக்காமல், பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லிசாகச் சீவித் திறக்கும் முறையை 1890-களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி உருவாக்கினார். ஒரே மரம் வருடக்கணக்கில் பால் கொடுத்ததும், மலாயா முழுக்கத் தோட்டங்கள் எழுந்ததும், நம் தாத்தா பாட்டிமார் இங்கே வந்து லயத்தில் குடியேறியதும் அந்த மெல்லிய சீவலை நம்பித்தான். விடியுமுன்னே, மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும் நேரத்தில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா மரம் மரமாகப் போவார். கைபலம் அங்கே பெரிதாக உதவாது. கூர் வேண்டும், ஆழம் கையின் சொல்பேச்சுக் கேட்க வேண்டும். என் பையில் இருக்கும் கத்தியிடம் நான் எதிர்பார்ப்பதும் இந்த இரண்டைத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

“பத்து ரிங்கிட்டுக்கு கட்டர் கிடைக்குதே அக்கா, அது போதாதா?” என்று பண்ணையில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டர் நல்ல கருவி. முனை மழுங்கினால் ஒரு துண்டை முறித்துவிட்டுப் புதுமுனையோடு வெட்டும் அந்த யோசனை 1956-இல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒக்காடா என்பவருக்குத் தோன்றியது. உடைந்த கண்ணாடித் துண்டின் கூர்மையும், கோடு பிரித்த சாக்லேட் கட்டியும் அவருக்கு வழி காட்டினவாம். இன்றைய ஓல்ஃபா கட்டர் அங்கிருந்து வந்ததுதான். கடையிலும் ஸ்டோரிலும் பெட்டி பிரிப்பவர்களுக்கு நான் கட்டரைத்தான் சொல்வேன். பண்ணைக்கு மட்டும் வேண்டாம் என்பேன். முறித்த துண்டு மண்ணில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் முழங்கால் ஊன்றிக் களை பிடுங்கும் இடம் அது. இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த பெண்கள் சிலர் செருப்போடு வேலை செய்வார்கள். தவிர கட்டரின் மெல்லிய அலகு கொஞ்சம் பக்கவாட்டில் திருகினாலே ஒடியும், எண்ணெய் தடவி வரும் அந்த அலகால் பழம் வெட்டவும் மனம் வராது.

உரமூட்டைக்கு உண்மையில் கத்தி அதிகம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 50 கிலோ மூட்டையின் வாய் சங்கிலித் தையலில் தைத்திருக்கும். சரியான ஓரத்தில் ஒரு முடிச்சை மட்டும் அறுத்து நூலை இழுத்தால் தையல் முழுக்க சரசரவென்று பிரிந்துவிடும். தப்பான ஓரத்தில் இழுத்தால் இறுகும், அவ்வளவுதான், மறு ஓரத்துக்குப் போக வேண்டும். பலர் அவசரத்தில் மூட்டையின் வயிற்றைக் கிழித்துவிடுகிறார்கள். கிழித்த மூட்டை எதற்கும் உதவாது. பிரித்த மூட்டை உதிரிப்பழம் அள்ள, மண் சுமக்க, வீட்டில் விறகு கட்ட என்று வருடக்கணக்கில் உழைக்கும். அந்த ஒரு முடிச்சை அறுக்கச் சின்னக் கத்தியின் முனை போதும்.

அலகின் தடிமனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது நீளத்தைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. இணையத்தில் முரட்டுத்தனமாகப் படம் பிடித்துப் போடும் கத்திகளின் அலகு முதுகில் மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். அதை எவ்வளவு தீட்டினாலும் மாங்காயை வெட்டும்போது பாதியில் பிளந்துதான் கொண்டு போகும், ஆப்பு இறக்கின மாதிரி. அன்னாசியில் கண் எடுக்கவே முடியாது. இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் அலகு, விளிம்பை நோக்கி மெல்லிசாக இறங்கிவந்தால், சுமாரான கூரிலும் வழுக்கிக்கொண்டு போகும். கடையில் கத்தியை நேராகக் கண்ணெதிரே பிடித்து, முதுகையும் வாயையும் சேர்த்துப் பாருங்கள். விளம்பரத்தில் எந்த எஃகு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைவிட அந்தப் பார்வை அதிகம் சொல்லும்.

அடுத்து பூட்டு. அண்ணன் மகன் படிவம் ஐந்து படிக்கிறான். அவன் ஷாப்பீ இணையக் கடையில் ஒரு கத்தியைக் காட்டி, “அத்தை, உங்க கத்தியில லாக்கே இல்ல, இதுல லாக் இருக்கு, ஒரு கையிலயே திறக்கலாம்” என்றான். அவன் கேட்டது சரியான கேள்வி, நிதானமாகப் பதில் சொல்லத்தான் வேண்டும். பூட்டு இல்லாத கத்தியில் அலகைத் திறந்த நிலையில் பிடித்திருப்பது முதுகில் இருக்கும் ஸ்பிரிங். நாம் வெட்டும்போது பொருள் அலகின் வாயைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அலகை இன்னும் திறக்கிற பக்கம்தான் போகிறது, மூடுகிற பக்கம் இல்லை. மூடிக்கொள்வது எப்போது? முனையால் குத்தும்போது, முதுகில் தட்டும்போது, ஒரு துளைக்குள் அலகை விட்டுத் திருகும்போது. இந்த மூன்றையும் செய்யாதவருக்குப் பூட்டு இல்லாதது பெரிய குறை ஆகாது. செய்கிறவருக்குப் பூட்டு வேண்டும், இன்னும் சரியாகச் சொன்னால் அவருக்கு மடக்காத கத்தியே வேண்டும். பூட்டை நம்பிக் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். மண்ணும் பஞ்சும் பூட்டின் இடுக்கில் சேர்ந்தால் அது முழுதாக விழாது, வெளியிலிருந்து பார்த்தால் விழுந்த மாதிரியே தெரியும்.

என் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். நகக்குழியில் நகத்தை விட்டுத் திறக்கும் கத்தி, கையுறை போட்ட கைக்கு ஒத்துவராது. நகத்தை ஒட்ட வெட்டியவர்களுக்கும், ஈரக்கையோடு இருப்பவர்களுக்கும் சிரமம்தான். நான் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுத் திறக்கிறேன். நாள் முழுக்கக் கையுறை போட்டு வேலை செய்யும் தண்ணீர்க்குழாய்ப் பிரிவுத் தம்பிமார்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். அவர்கள் அலகில் பெரிய துளை உள்ள கத்தியைப் பார்க்கலாம்.

இதோடு சட்டத்தையும் சேர்த்துப் பேச வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. 1958-ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. தாக்கப் பயன்படுத்தினால் காயம் ஏற்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அந்தச் சட்டத்தில் ஆயுதமாகலாம். குற்றம் உறுதியானால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு. பட்டனை அழுத்தினால் துள்ளித் திறக்கும் கத்தியின் பக்கமே போக வேண்டாம். நீளம் இவ்வளவுக்குள் இருந்தால் தப்பு இல்லை என்று யாராவது சொன்னால் அதை நம்பியும் இருந்துவிடாதீர்கள். ‘இது எதற்கு உன்னிடம்?’ என்று கேட்டால் நம்மிடம் நேரான பதில் இருக்க வேண்டும். பண்ணையில் சீருடையோடு, இடுப்பில் கத்தரிக்கோலும் டேப்பும் இருக்கும்போது என் கத்திக்கு அந்தப் பதில் கூடவே இருக்கிறது. அதே கத்தியோடு சனிக்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நின்றால் பதில் எங்கே? அதனால் வேலை முடிந்ததும் கத்தி வீட்டு அலமாரிக்குப் போய்விடும். தைப்பூசக் கூட்டம், பள்ளிக்கூடம், நீதிமன்றம், ஸ்டேடியம், சிங்கப்பூர்ப் பயணம் எதற்கும் அது வராது. விமானத்தில் போனால் கைப்பையில் வைக்காமல் சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

கத்தியின் தோற்றமும் இந்த இடத்தில்தான் கணக்குக்கு வருகிறது. கறுப்பாக, பல்லும் வளைவுமாக, மிரட்டுகிற உருவத்தில் இருக்கும் கத்தியை எடுத்தால் பக்கத்தில் நிற்கும் பெண்கள் ஒரு அடி தள்ளி நிற்பார்கள். அதைவிட மோசமாக, அந்தத் தோற்றத்துக்காகவே வாங்குகிற வாலிபப் பிள்ளைகள் நம் தாமான் குடியிருப்புகளில் உண்டு. அண்ணன் மகனிடம் இதை ஒளிக்காமல் சொன்னேன். “பழம் வெட்ட வச்சிருக்கேன்னு சொன்னா நம்புற மாதிரி இருக்கணும்யா கத்தி” என்றேன். அவன் அதை யோசித்தான்.

இப்போது துரு. கார்பன் எஃகுக் கத்திகளின் மேல் ஆசை வருவது இயல்பு. நன்றாகக் கூரேறும், தீட்டுவதும் சுகம். ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி அப்படி ஒன்று: மடித்த தகட்டில் செய்த கைப்பிடி, ஸ்பிரிங் கிடையாது, பின்னால் நீண்டிருக்கும் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். எளிமையில் அத்தனை அழகு. பிரான்ஸ் நாட்டு ஒப்பினெல்லும் அப்படித்தான். சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்ய ஆரம்பித்தது. சுழற்றிப் பூட்டும் வளையம் 1955-இல் சேர்ந்தது. அலகு மெல்லிசு, விலை குறைவு, 6-ஆம் எண் கத்தியின் அலகு 7 சென்டிமீட்டர். எவர்சில்வரிலும் கிடைக்கும். நான் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அது பொருந்திவருகிறது, ஒன்றைத் தவிர. அதன் கைப்பிடி பீச் (beech) மரம். மரம் ஈரத்தில் ஊதும், ஊதினால் அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த ஊர்க்காரர்கள் கைப்பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டி அலகை வெளியே வரவழைப்பார்கள். வருடத்தில் சில மாதம் என்றால் அது ரசிக்கத்தக்க பழக்கம். காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காடு நிற்கும் நம் ஊரில் அது தினசரி வேலையாகிவிடும். வீட்டுச் சமையலறையில், ஏர்கோன் அறையில் வைத்துப் பயன்படுத்துபவர்கள் தாராளமாக வாங்கலாம்.

எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதில் கலந்த குரோமியம். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகி உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் மறுபடி மூடிக்கொள்கிறது. இப்போது இணையக் கடைகளில் மலிந்து கிடக்கும் டி2 என்ற எஃகில் 12 விழுக்காடு அளவுக்குக் குரோமியம் இருப்பதாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதில் கார்பனும் 1.5 விழுக்காடு இருப்பதால் குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கட்டியாகிவிடும், படலத்துக்கு மிஞ்சுவது குறைவு. நெடுநாள் கூர் நிற்கும், நம் வியர்வையில் புள்ளி புள்ளியாகத் துருவும் ஏறும். அண்ணன் மகன் காட்டியதும் டி2 தான்.

செம்பனை வேலைக்காரர்களுக்கு இன்னொரு எதிரி உண்டு: பொட்டாஷ். நாம் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு அந்தப் பாதுகாப்புப் படலத்தையே துளைக்கும். எவர்சில்வரும் தப்பாது, ஊசி குத்தின மாதிரி குழி விழும். பொட்டாஷ் மூட்டையைப் பிரித்த கத்தியைத் துடைத்தால் மட்டும் போதாது. அன்றைக்கே தண்ணீரில் அலசி, மூட்டு இடுக்கு காயும்வரை திறந்துவைக்க வேண்டும். இதை எந்த வெளிநாட்டுக் கத்திக்காரரும் நமக்குச் சொல்லப் போவதில்லை.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் என்னிடம் நின்றது விக்டோரினாக்ஸ் பயோனியர். அலுமினியக் கைப்பிடி, ஓர் அலகு, ஒரு தமரூசி, டின் திறப்பான், மூடி திறப்பான். சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் 1884-இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறை அது. 1891-இல் தங்கள் நாட்டு ராணுவத்துக்கு முதன்முதலாகக் கத்தி கொடுத்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த சிவப்புக் கத்தியின் மூதாதை 1897-இல் வந்தது. என்னுடைய பயோனியர் 1961-இல் அந்த நாட்டுச் சிப்பாய்களுக்குக் கொடுத்த கத்தியின் வழியில் வந்தது. அலகின் எஃகில் குரோமியம் 13 முதல் 15 விழுக்காடு. ராக்வெல் அளவில் கடினம் 56 பக்கம். கத்தி ஆர்வலர்கள் அதை மென்மையான எஃகு என்பார்கள். எனக்கு அது வசதி. சீக்கிரம் மழுங்கினாலும் ஐந்து நிமிடத்தில் தீட்டிவிடலாம், வாய் ஒடியாமல் மடங்கும். அலுமினியக் கைப்பிடி ஊதாது, பிசுபிசுக்காது, எடை 70 கிராம் பக்கம். தமரூசியால் நாற்றுப் பையில் தண்ணீர் வடியக் கூடுதல் துளை போடுவேன், பெல்ட்டில் ஓட்டை போடுவேன். குத்துகிற வேலைக்கு அலகை நீட்டாமல் இருக்க அது பெரிய உதவி.

வெள்ளி நிறம் என்பதும் எனக்கு முக்கியம். கறுப்புக் கைப்பிடி கறுப்புப் பைகளின் நடுவே விழுந்தால் போயிற்று. நான் ஒரு துண்டு சிவப்புக் கயிறும் கட்டியிருக்கிறேன். பெண்களுக்கு இன்னொரு சங்கடம், நம் உடையில் உருப்படியான பை கிடையாது. டிராக்சூட்டின் பையில் போட்டால் குந்தி எழும்போது நழுவிவிடும். பஞ்சாபி உடையிலும் சேலையிலும் கேட்கவே வேண்டாம். ஜிப் வைத்த சின்ன இடுப்புப் பையில் தனி அறையில் வைப்பதே பத்திரம். அதில் வைக்கத் தட்டையான கத்தி தேவை, கருவிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த தடித்த கத்தி இடுப்பில் உறுத்தும்.

விலைதான் உறுத்தும் இடம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆன பிறகும், இருநூறு ரிங்கிட் கத்தி என்பது மூன்று நாள் கூலி. எல்லாரும் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். விக்டோரினாக்ஸிலேயே மூடிய நீளம் 84 மில்லிமீட்டர் உள்ள கத்திகள் இன்னும் குறைவாகக் கிடைக்கும், அலகு கொஞ்சம் சிறிது. 58 மில்லிமீட்டரில் கத்தரிக்கோலோடு வரும் கிளாசிக் சாவிக்கொத்தில் தொங்கும். பூக்கட்டுபவர்கள், தையல்காரர்கள், மருந்துப் பட்டை வெட்டும் வயதானவர்கள் எல்லாருக்கும் அதுவே தாராளம். பெயரில்லாத மலிவுக் கத்தியிலும் நல்லது உண்டு. கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். போலியும் நிறைய ஓடுகிறது என்பதால், இந்தக் கம்பெனிக் கத்தி என்று சொல்லி விற்றால் அலகின் அடியில் பெயர் முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்குப் போய் வாங்குவதே என் விருப்பம். குளுவாங்கில் ஹார்ட்வேர் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், கேட்டால் தவுக்கே எடுத்துக் கொடுப்பார். திறந்து அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடக் கூடாது. மெதுவாக மூடுங்கள், பாதியில் விட்டால் ஸ்பிரிங் தன் பலத்தைக் காட்ட வேண்டும். மூடிய பிறகு கைப்பிடியின் வாயில் விரலைத் தடவுங்கள், முனை எங்கும் வெளியே தட்டுப்படக் கூடாது. உங்கள் நகத்தால் திறக்க வருகிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும், கடைக்காரர் திறந்து காட்டுவது கணக்கில் சேராது. அண்ணன் மகனை அப்படித்தான் அழைத்துப் போனேன். நாலைந்து கத்தியைத் திறந்து மூடிய பிறகு, ஷாப்பீயில் பார்த்ததை அவனே விட்டுவிட்டு ஒரு 84 மில்லிமீட்டரை எடுத்தான். அது வீட்டிலும் அண்ணனின் பழத்தோட்டத்திலும் மட்டும்தான் என்பது பேச்சு. பள்ளிக்கூடப் பைக்குள் போகவே கூடாது.

வாங்கியதும் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். தீட்டத் தெரியாதவர் கையில் எந்த எஃகும் ஒரு மாதத்துக்குமேல் தாங்காது. இரண்டு பக்கமும் சொரசொரப்பு வேறுபடும் சாதாரண சாணைக்கல் போதும். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைக்குள் சாய்த்து, கல்லின் மேல்தோலை மெல்லச் சீவுவதாக நினைத்துக்கொண்டு, அடியிலிருந்து முனைவரை ஒரே சாய்வில் இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் விரலால் தடவினால் ஒரு சின்னப் பிசிறு தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். கடைசியில் அழுத்தமில்லாமல் மாறி மாறி நாலைந்து இழுப்பு, பிசிறு உதிர்ந்துவிடும். கல் கையில் இல்லாதபோது கோப்பிக் கடையில் கொடுக்கும் தடித்த பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடி வளையத்தில் மெருகு இல்லாத சொரசொரப்பு இருக்கும். மழுங்க ஆரம்பித்த வாயை அதில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய வேலைக்குக் கூர் திரும்பிவிடும்.

மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். அது நாளடைவில் கெட்டு, மண்ணையும் பிடித்துவைக்கும். உணவுக்குப் பயன்படும் தரத்தில் கிடைக்கும் மினரல் எண்ணெய் ஒரு சொட்டு போதும், அதிகமானதைத் துடைத்துவிடுங்கள். பலாப்பிசினும் ரப்பர் பாலும் அலகில் காய்ந்துவிட்டால் சுரண்ட வேண்டாம், சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, திறந்தபடியே உலரவிடுங்கள்.